நாக்கு ஒட்டு: வெட்டுவதா, பொறுப்பதா?

பிறந்த நான்காம் நாள் என் மகன் அழுதபோது கவனித்தேன். நாக்கு மேலே எழவில்லை. நுனியில் பள்ளம் விழுந்து இதய வடிவில் இருந்தது. அடியில் மெல்லிய சவ்வு ஒன்று இழுத்துப் பிடித்திருந்தது. இதைத்தான் நாக்கு ஒட்டு என்கிறார்கள். "இப்பவே வெட்டிடும்மா, இல்லாட்டிப் பேச்சு வராது" என்றார் மாமியார். சின்னம்மாவோ சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வசம்பு வாங்கி, தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொன்னார்.

வசம்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது எந்தச் சவ்வையும் தளர்த்தாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் உயிராபத்தான நச்சுப் பாதிப்பு வரக்கூடும். இதில் பெரியவர்கள் மனம் நோகுமே என்று விட்டுக்கொடுக்கவே கூடாது.

மிச்சமிருப்பவை இரண்டு. பொறுப்பது என்றால் சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இங்குள்ள கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் தாய்ப்பால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்தவர் நாக்கைப் பற்றிப் பேசுமுன் கேட்டது, "உங்களுக்கு வலிக்கிறதா?" என்றுதான். குடித்து முடித்ததும் காம்பு சாய்வாக நசுங்கியிருக்கிறதா, சொடுக்குச் சத்தம் வருகிறதா, முக்கால் மணி நேரம் குடித்தும் பசி அடங்கவில்லையா, எடை ஏறுகிறதா என்று பார்த்தார். வாய் அகலத் திறந்ததும் முகவாய் முதலில் மார்பில் படும்படி அணைத்துக்கொள்ளக் கற்றுத்தந்தார். பால் வற்றாமலிருக்க இடையிடையே பம்ப் செய்தேன். நாக்கு ஒட்டிய பல குழந்தைகள் இந்த அளவிலேயே நன்றாகக் குடிக்கப் பழகிவிடுகிறார்கள். எடை ஏறி, வலியும் இல்லையென்றால், நாக்கு பார்க்க எப்படி இருந்தால் என்ன? கத்திரி வேண்டாம்.

எனக்கு வலி போகவில்லை. இரண்டாம் வாரம் வெட்டினோம். கத்திரியால் சில நொடி வேலை, இரண்டு மூன்று சொட்டு இரத்தம், உடனே பால் குடித்தான். அந்த இடத்தில் சில நாள் வெள்ளைப் படலம் இருக்கும்; சீழ் என்று பயப்பட வேண்டாம். மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 302 குழந்தைகள் பங்கேற்ற 5 சோதனைகளைத் திரட்டிச் செய்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, வெட்டிய பின் தாயின் வலி குறைந்ததைக் காட்டியது. ஆனால் குழந்தை குடிக்கும் விதம் எப்போதும் மேம்பட்டதாகக் காட்டவில்லை. எனக்கும் வலிதான் முதலில் விட்டது.

லேசரா கத்திரியா? லேசர் மேல் என்பதற்குச் சான்று இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் கட்ட நான் சொல்லமாட்டேன்.

சரி, பேச்சு? 'பின்னால் பேச்சு வராது' என்ற பயத்துக்காகக் கைக்குழந்தைக்கு வெட்டுவதை நான் ஏற்கவில்லை. நாக்கு ஒட்டு பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. சொற்களே வரவில்லையென்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பாலர் பள்ளிப் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' என்றால் அது ழகரம் தாமதமாக வருவதுதான், சவ்வின் குற்றம் அல்ல. நுனியை மேல்பல் வரை தூக்கவே முடியாமல் ல, த போன்ற ஒலிகள் தடுமாறினால் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு வெட்ட மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் அங்கே பயிற்சிக்கே முதலிடம்.

வெட்ட முடிவெடுத்தால் இரண்டை மறக்காதீர்கள். இரத்தம் உறைய உதவுவதற்காகப் பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.