பத்து நாளில் நாலு கிலோ குறைத்த கோப்பி: சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

போன தீபாவளி முடிந்த கையோடு உடம்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். எனக்கு வயது 46. முட்டி வலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். என் அம்மா இனிப்புநீர் (சர்க்கரை) நோயில் ஒரு காலை இழந்தவர். அந்தப் பயம் எனக்குள் எப்போதும் உண்டு. ஏமாந்து வந்தால் "அழகு பார்க்கப் போனாள்" என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் அழகுக்காக இல்லை, அந்த நோய்க்குப் பயந்துதான் போனேன்.

டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் உடல் மெலிவு நிலையம் திறந்திருந்தார்கள். கூட்டிப் போனது என் நாத்தனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் பணம் கட்டியவர்தான். "வாங்கக்கா, உட்காருங்க" என்று ஒரு தங்கச்சி அன்பாக வரவேற்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். செருப்போடு, தோளில் கைப்பையோடு அப்படியே தராசில் ஏறச் சொன்னார். 82.6 கிலோ. அட்டையில் எழுதி, முன்னாலும் பக்கவாட்டிலும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு 1,480 மலேசிய வெள்ளி (ரிங்கிட்), ரொக்கமாகக் கட்ட வேண்டும். காலையில் பசியாறலுக்குப் பதில் ஒரு பாக்கெட் கோப்பி, மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவில் மூலிகைத் தேநீர். உடற்பயிற்சி செய்ய வேண்டுமா என்று கேட்டேன். "நடக்கவெல்லாம் வேண்டாம்க்கா. கோப்பியே கொழுப்பைக் கரைச்சிடும்" என்றார்.

மூன்றாம் நாளே பசி நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் வறண்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போகவில்லை. இரவில் தூக்கம் இல்லை. இரண்டு மணிக்குத் தலையணையில் காதை வைத்துப் படுத்தால் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. வாட்சப்பில் எழுதிக் கேட்டேன். "நச்சு வெளியே போகுதுக்கா, நல்ல அறிகுறி. ஒரு பாக்கெட் கூடக் குடிங்க" என்று பதில் வந்தது. நானும் குடித்தேன்.

பத்தாம் நாள் காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னார். இந்த முறை செருப்பைக் கழற்றச் சொல்லி, கைப்பையைத் தானே வாங்கி நாற்காலியில் வைத்தார். 78.4. நாலு கிலோ குறைந்துவிட்டது என்று கைதட்டி, மறுபடியும் படம் எடுத்தார். அதில் பையும் செருப்பும் மத்தியானச் சாப்பாடும் எவ்வளவு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

பதினேழாம் நாள் வேலையிடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அரசாங்கக் கிளினிக்குக் கொண்டு போனார்கள். இரத்த அழுத்தம் 178-க்கு 106, நாடி 118. அங்கே இருந்த மிஸ்ஸி (தாதி) என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மெலியறதுக்கு ஏதாவது குடிக்கிறீங்களாக்கா?" எத்தனை பேரைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்பார்!

பையில் இருந்த பாக்கெட்டை டாக்டரிடம் காட்டினேன். சோதனைக்கூடத்தில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இந்த அறிகுறிகள் சிபுட்ராமின் என்ற மருந்துக்குப் பொருந்துகின்றன என்றார். அது பசியை அடக்கும், வாயை உலர்த்தும், தூக்கத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். ஒரு காலத்தில் டாக்டர் சீட்டோடு விற்ற மருந்துதான். இதய நோய் ஆபத்து உள்ளவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து, 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தினார்கள். நம் நாட்டில் மெலிவுக் கோப்பிகளிலும் மாத்திரைகளிலும் இதைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துக்கும் ஊட்டச்சத்து மாத்திரைக்கும் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். அதன் பின்னால் எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். என் பாக்கெட்டில் இரண்டுமே இல்லை. அந்த நிலையத்தில் போய்க் கேட்டதற்கு, "இது மருந்தில்லக்கா, கோப்பி. கோப்பிக்கு எதுக்கு மால் நம்பர்?" என்றார்கள். சாதாரணக் கோப்பிக்கு அது தேவையில்லை என்பது உண்மைதான். அந்தச் சந்தில்தான் புகுந்துகொள்கிறார்கள். ஆனால் வெறும் கோப்பி ஒருத்தியின் பசியை நாள் முழுக்க நிறுத்தாது, நடுராத்திரியில் நெஞ்சை அடிக்க வைக்காது. எண் இருந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் (NPRA) இணையப் பக்கத்தில் அதே எண், அதே பெயரில் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க சரியா ஃபாலோ பண்ணலக்கா" என்று பழியை என் மேலேயே போட்டார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் என் ரசீதில் கம்பெனிப் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. தொகையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும்தான். யார் மேல் மனு போடுவது? பணம் கட்டும் முன் ரசீதைப் பாருங்கள், தயவுசெய்து. மீதிப் பாக்கெட்டுகளைச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் ஒப்படைத்துவிட்டேன், முடிவு இன்னும் வரவில்லை. என் நாத்தனாரை முகவராகச் சேரச் சொல்லியிருந்தார்கள். பதிவில்லாத மருந்தை விற்றால் தனி ஆளுக்கே 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. நல்லவேளை, அவர் சேரவில்லை.

கோப்பியை நிறுத்திய மூன்றே வாரத்தில் குறைந்த எடையெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அழுதேன். அதே கிளினிக்கில், ஒரு வெள்ளிக் கட்டணத்தில், உணவு ஆலோசகர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, பருப்பு. மலாயில் 'சுக்கு சுக்கு செபாரோ', அதாவது கால், கால், பாதி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. அம்மா காலத்தில் விடியுமுன்னே எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ரப்பர் மரம் சீவி, தோளில் காண்டாக் கட்டையோடு (காவடித் தண்டு) ரப்பர் பால் சுமந்தார்கள். அவ்வளவு சோறு அந்த உடம்புக்குத் தேவைப்பட்டது. நாங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்து இருபது வருடம் ஆகிறது. வேலை உட்கார்ந்தபடி, சோறு மட்டும் அதே அளவு.

ஒரு நாளைக்கு மூன்று தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்) குடித்தவள், இப்போது பாலும் சீனியும் இல்லாத ஒரு தே ஓ கோசோங். வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அரை மணி நேரம் நடக்கிறேன், நாத்தனாரும் கூட வருகிறார். வாரம் அரைக் கிலோ குறைந்தாலே நல்லது என்றார் டாக்டர். எனக்கு அதுவும் இல்லை. ஐந்து மாதத்தில் ஆறு கிலோ. இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, இரவு தூங்குகிறேன்.

அந்தக் கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனால் போன வாரம் வேறு ஊர் வாட்சப் குழுவில் இருந்து ஒரு தோழி விளம்பரம் ஒன்றை அனுப்பினார். "பத்தே நாளில் நாலு கிலோ" என்று போட்டு, முன்னே, பின்னே என்று இரண்டு படங்கள். முகத்தை மறைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த நீல நிற பஞ்சாபி சூட் என்னுடையது. உங்களுக்கும் அந்தப் படம் வந்தால், அதில் நிற்பவள் அடுத்த ஏழாம் நாள் கிளினிக் கட்டிலில் கிடந்தாள் என்று அந்தக் குழுவிலேயே எழுதிவிடுங்கள்.