அப்பாச்சி கேமலில் வழிதவறிய மெசேஜைத் தேட ட்ரேசரா, லாகா?

அப்பாச்சி கேமல், மென்பொருள்களுக்கு இடையே மெசேஜ்களைக் கொண்டுசேர்க்கும் கருவி. அதில் மெசேஜ் உள்ளே வந்தது தெரிகிறது, போய்ச் சேரவில்லை. எர்ரரும் இல்லை. இந்த நிலையில் பலரும் கேட்பது: ட்ரேசரை (மெசேஜ் கடக்கும் படிகளைப் பதிவு செய்யும் வசதி) ஆன் செய்வதா, ரூட்டில் (மெசேஜ் போகவேண்டிய பாதையை எழுதிய கோடில்) லாக் வரிகள் சேர்ப்பதா?

வேலை: ட்ரேசருக்கு ஒரே ஒரு செட்டிங் போதும், ரூட்டைத் தொட வேண்டாம். லாக் வரிக்கு ரூட்டைத் திருத்தி மறுபடி டிப்ளாய் செய்ய வேண்டும்.

சுமை: ட்ரேசர் ஒவ்வொரு படியையும் எழுதும். டிராஃபிக் அதிகமுள்ள புரொடக்‌ஷனில் லாக் ஃபைல் வீங்கிவிடும். அங்கே நான் அதைத் தொடவே மாட்டேன். லாக் வரி சொன்ன இடத்தில் மட்டும் பேசும்.

தெளிவு: இதில்தான் உண்மையான வித்தியாசம். எங்கள் சாய்ஸ் (நிபந்தனை பார்த்துப் பாதை பிரிக்கும் படி) ஒன்றில் ஆர்டர்கள் எல்லாம் அதர்வைஸ் பக்கம், அதாவது எந்த நிபந்தனையும் பொருந்தாதவை போகும் பக்கம், போய்க்கொண்டிருந்தன. எங்கே திரும்பின என்பதை ட்ரேசர் உடனே காட்டியது, ஏன் என்பதைக் காட்டவில்லை. அந்த நிபந்தனை பார்க்கும் ஹெட்டர் (மெசேஜோடு வரும் கூடுதல் தகவல்) மதிப்பைச் சதுர அடைப்புக்குள் போட்டு லாக் செய்த பிறகுதான் கடைசியில் ஒட்டியிருந்த ஒரு ஸ்பேஸ் கண்ணில் பட்டது. அதனால்தான் ஒப்பீடு பொருந்தவில்லை.

ஒரு எச்சரிக்கை: பாடி (மெசேஜின் உள்ளடக்கம்) ஒருமுறை மட்டுமே படிக்கக்கூடிய ஸ்ட்ரீமாக இருந்தால், லாக்கில் படித்ததுமே அது தீர்ந்துவிடலாம், அடுத்த படிக்குக் காலி பாடிதான் போகும். கேமல் 3.17 முதல் ஸ்ட்ரீம் கேஷிங் (ஸ்ட்ரீமை மறுபடி படிக்கும்படி சேமித்து வைப்பது) தானாகவே ஆன். பழைய பதிப்பென்றால் நீங்களே ஆன் செய்யுங்கள்.

எந்தப் படியில் தொலைந்தது என்றே தெரியாதவர்களுக்கு, டெவலப்மென்ட் மெஷினில், ட்ரேசர். இடம் தெரிந்து காரணம் தெரியாதவர்களுக்கு லாக். புரொடக்‌ஷனுக்கும் லாக்தான், ஒவ்வொரு வரியிலும் எக்ஸ்சேஞ்ச் ஐடியை (எந்த மெசேஜின் வரி என்று காட்டும் அடையாள எண்) சேர்த்துவிடுங்கள்.