எண்ணுவதா, கொத்தாக்குவதா, படிக்கச் சொல்வதா? குறும்பதிவுகளில் போக்கை அறியும் வழிகள்

2017 நவம்பரில் ட்விட்டர் தன் 140 எழுத்து வரம்பை 280 ஆக்கியது. ஆனாலும் சமூக ஊடகப் பதிவு என்பது இன்றும் பெரும்பாலும் ஓரிரு வாக்கியம்தான். அதில் பாதி கிண்டல், கால்வாசி எழுத்துப்பிழை. இப்படிப்பட்ட பதிவுகள் லட்சக்கணக்கில் குவியும்போது மக்கள் எதைப் பேசுகிறார்கள், புதிதாக எது கிளம்பியிருக்கிறது என்று கண்டறியப் பல கருவிகள் போட்டியிடுகின்றன.

முதலாவது, சொற்களை எண்ணுவது. பழைய முறை என்று பலர் ஒதுக்குகிறார்கள். என் கணக்கில் இதற்கே முதலிடம். ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்பதைவிட, வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாக வந்தது என்று பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பு குறைவு என்ற கருத்தை 1972-இலேயே கணினி ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். திடீர் எழுச்சிகளைப் பிடிக்கும் கணிதத்தை 2002-இல் இன்னொரு கணினி ஆய்வாளரான ஜான் கிளைன்பர்க் வகுத்தார். வேகம், குறைந்த செலவு ஆகியவற்றோடு இன்னொரு நன்மையும் உண்டு: “ஏன் இப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டால் பதிவுகளையே எடுத்துக் காட்டலாம். சொல்லோடு விகுதிகள் ஒட்டிக்கொள்ளும் தமிழ் போன்ற மொழிகளில் மட்டும், வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்காமல் எண்ணினால் கணக்கு சிதறிவிடும்.

2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்விட்டர் பதிவுகளைக் கொண்டு நிலநடுக்கங்களைக் கண்டறிந்து காட்டினார்கள். அவர்கள் வெறுமனே எண்ணவில்லை. ‘நிலநடுக்க மாநாட்டுக்குப் போகிறேன்’ போன்ற பதிவுகளை முதலில் வடிகட்டினார்கள். கேள்வியும் எளிது: நிலம் இப்போது அதிர்ந்ததா, இல்லையா? கேள்வி சிக்கலானால் எண்ணிக்கை காலை வாரிவிடும். ஜெர்மனியின் 2009 தேர்தல் முடிவைக் கட்சிப் பெயர்களின் எண்ணிக்கையே ஒத்திருந்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. அந்த ஆய்வு விட்டுவிட்ட பைரேட் கட்சி என்ற சிறு கட்சியையும் கணக்கில் சேர்த்தால் அதுவே முதலிடம் பெற்றிருக்கும் என்று மறுப்பாளர்கள் காட்டினார்கள். அந்தக் கட்சி உண்மையில் வாங்கியதோ 2 சதவீத வாக்கு!

அடுத்தது எல்டிஏ (LDA) என்ற தலைப்பு மாதிரி (topic model), 2003-இல் வந்தது. எந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்துத் தலைப்புகளை ஊகிக்கும். நீண்ட கட்டுரைகளுக்கு அருமையான கருவி. பத்துப் பன்னிரண்டு சொல் கொண்ட பதிவிலோ சேர்ந்து வர அங்கே சொற்களே இல்லை. ஒரே ஹேஷ்டேக் உள்ள பதிவுகளை ஒட்டி நீளமாக்குவது, சொல் இணைகளை மொத்தத் தொகுப்பிலும் தேடுவது என்று ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். குறும்பதிவுக்கு இதைப் புதிதாகத் தொடங்க இன்று காரணம் எதுவும் தெரியவில்லை.

அந்த இடத்தைப் பிடித்திருப்பது, பதிவின் பொருளை எண் வரிசையாக மாற்றி, நெருங்கிய பதிவுகளைக் கொத்தாக்கும் முறை. 2018-இல் வந்த பெர்ட் (BERT) என்ற மொழி மாதிரி இதற்கு வழி திறந்தது. 2020-இல் 85 கோடி ஆங்கில ட்வீட்களில் பயிற்றுவிக்கப்பட்ட பெர்ட்வீட்டும் வந்தது. ‘செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது’, ‘உள்ளே நுழைய முடியவில்லை’ என்ற இரண்டுக்கும் பொதுச்சொல் இல்லை. ஆனாலும் ஒரே கொத்தில் விழும். எண்ணும் முறையால் ஆகாத காரியம் இது. குறை என்னவென்றால், ‘சேவை நன்று’, ‘சேவை நன்றாக இல்லை’ என்பவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கொத்திலும் சேராமல் ஒரு பெரும் பகுதி மிஞ்சுவதும் உண்டு. அறிக்கைகளில் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், வசதியாக.

சொல்லுக்குச் சொல் நல்லது, கெட்டது என்று மதிப்பெண் தரும் உணர்வு அகராதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் வந்த வேடர் (VADER) என்ற அகராதிக் கருவி, சமூக ஊடக ஆங்கிலத்துக்கென்றே செய்யப்பட்டது. ஆச்சரியக்குறியைக்கூடக் கணக்கில் எடுக்கும். ‘அடடா, என்ன சேவை!’ என்ற நக்கலைப் பாராட்டாகவே படிக்கும்.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் நக்கலை ஓரளவு பிடிக்கின்றன. ஆனால் ஆயிரம் பதிவுகளைக் கொட்டி ‘போக்கு என்ன?’ என்று கேட்டால், சுவையான நான்கு பதிவுகளைப் பொதுக்கருத்தாக்கிவிடக்கூடும். சதவீதம் கேட்டால் எண்ணாமலேயே ஒன்றைச் சொல்லிவைக்கவும் தயங்காது. எனவே எண்ணும் வேலையை அதனிடம் தரக்கூடாது. கொத்துக்குப் பெயரிடவும், மனிதர் முன்பே வகைப்படுத்திய சில பதிவுகளோடு ஒப்பிட்டுச் சோதித்தபின் பதிவுகளை வகைப்படுத்தவும் சொல்லலாம்.

எதைத் தேர்ந்தாலும் பதிவுகளை எண்ணுகிறோமா, ஆட்களை எண்ணுகிறோமா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஒரே கணக்கு இருநூறு முறை கத்துவதும், இருநூறு பேர் ஒருமுறை முனகுவதும் ஒன்றல்ல. செய்தி எவ்வளவு பரவியது என்று அறிய மறுபகிர்வுகள் வேண்டும். கருத்தை அறிய அவற்றை நீக்குவதே நல்லது.

நான் பரிந்துரைக்கும் வரிசை: எண்ணி, எழுச்சி நேரத்தைக் கண்டுபிடிப்பது, அந்த நேரத்துப் பதிவுகளை மட்டும் கொத்தாக்குவது, கொத்துக்கு முப்பது பதிவுகளையாவது ஒருவர் கண்ணால் படிப்பது, கடைசியில் மொழி மாதிரியைக் கூப்பிடுவது. கையில் இருப்பது சில நூறு பதிவுகள்தான் என்றால் இவை எதுவும் வேண்டாம். ஒருவர் ஒரு பிற்பகலில் படித்துவிடலாம்.