20க்கு 30 வீட்டுக்கு எத்தனை ஓடு, எத்தனை ஷீட்?

கூரை போட நினைக்கும் பலர் தரையின் சதுர அடியை அப்படியே ரேட்டால் பெருக்கிவிடுகிறார்கள். நடுவில் வாட்டம், அதாவது கூரையின் சாய்வு, என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஓட்டுக்கு வேறு, ஷீட்டுக்கு வேறு.

20க்கு 30 அடி வீடு, இரண்டு பக்கச் சாய்வு, சுற்றிலும் சுவரைத் தாண்டி நீளும் 2 அடி இறவாரம் என்று வைத்துக்கொள்வோம். தரையளவில் 24க்கு 34, அதாவது 816 சதுர அடி.

மங்களூர் ஓடு என்றால் 30 டிகிரி வாட்டம் கொடுப்பது நல்லது. படுக்கையாக வைத்தால் காற்றோடு அடிக்கிற மழை இடுக்கு வழியே உள்ளே ஏறிவிடும். 30 டிகிரிக்கு 1.155ஆல் பெருக்க வேண்டும்: 942 சதுர அடி. சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 150 ஓடு போட்டால் 1,413. உடைசலையும் சேர்த்து 1,500 இறக்கலாம். மிஞ்சுவதைத் தள்ளிவிடாதீர்கள். பிறகு ஒன்றிரண்டு மாற்ற வேண்டி வந்தால், வேறு கம்பெனி ஓடு பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் சரியாக உட்காராது. முகட்டு ஓடு 34 அடிக்குத் தனிக் கணக்கு. ஆனால் செலவை ஏற்றுவது ஓடு அல்ல, மரம். ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பர் பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒன்று வீதம், ரீப்பர் மட்டுமே ஏறக்குறைய 1,000 அடி போகும். தலைக்கு மேலே மூன்றரை டன் ஓடு நிற்கிறதே!

வண்ணம் பூசிய இரும்புத் தகடான கலர் ஷீட்டுக்கு 10 டிகிரி போதும். கூரை 829 சதுர அடியோடு நின்றுவிடும். மிச்சம்தான் என்று தோன்றும். ஆனால் மூன்றரை அடி அகல ஷீட், ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பிறகு மூடுவது மூன்றேகால் அடிதான். 34 அடிக்குப் பக்கத்துக்கு 11, மொத்தம் 22 ஷீட்; ஒவ்வொன்றும் பன்னிரண்டேகால் அடி நீளம். கடைக்காரர் முழு அகலத்துக்குப் பில் போட்டால் 943 சதுர அடி! வாட்டத்தில் பிடித்த மிச்சம் மேலேறலில் போயிற்று. ஆகவே ரேட் கேட்கும்போது முழு அகலத்துக்கா, மூடும் அகலத்துக்கா என்று கேளுங்கள். நீளத்தைக் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) ஏற்றிய பிறகு டேப் பிடித்துச் சொல்லுங்கள். அரை அடி குறைந்தால் அந்த ஷீட் வேறெதற்கும் ஆகாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கடையில் இருக்கும் நீளத்தில்தான் கிடைக்கும். இந்த வீட்டுக்கு மேலும் கீழுமாக 2 மீட்டர் ஷீட் 44. விலை குறைவு. ஆனால் அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு, அதைப் போடச் சொல்ல மாட்டேன்.

இரண்டு பக்கச் சாய்வுக்கு என் வாக்கு கலர் ஷீட்டுக்கே. நாலு பக்கச் சாய்வு என்றால் கதை மாறும்: மூலைகளில் ஷீட்டை முக்கோணமாக வெட்டி எறிய வேண்டிவரும். ஓட்டில் ஓரத்து ஓடுகளை மட்டும் அறுத்தால் முடிந்தது.