5 நாளில் 500 படிவம்: தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் டைப்பிங் வேலை

"மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. வீட்டிலிருந்தே ஃபார்ம் ஃபில்லிங். மாதம் 18,000." முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இப்படி விளம்பரம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். நம் ஆட்கள் பணம் விட்டது இதில்தான்.

முதலில் பதிவுக் கட்டணம் என்று 1,500, 2,000 கேட்பார்கள். முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். பெரிய வசூல் இதற்கு அப்புறம்.

ஒப்பந்தத்தில் 5 நாளில் 500 படிவம், 98 சதவீதம் துல்லியம் என்று இருக்கும். படிவத்துக்கு 6 நிமிடம் என்றாலே நாளுக்கு 10 மணி நேரம். நமக்கு அரை மணிக்கு ஒருமுறையாவது உடம்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்ற கதீட்டர் குழாய் வேறு. கழுத்தில் அடிபட்டு, டைப்பிங் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுபவருக்கு அந்த 6 நிமிடமும் போதாது. கெடுவுக்குப் பயந்து அசையாமல் உட்கார்ந்து படுக்கைப்புண் வந்துவிட்டால், அது ஆறும்வரை வாரக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியதுதான்.

சூட்சுமம் துல்லியத்தை எண்ணும் விதத்தில் இருக்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் அந்தப் படிவம் முழுக்கத் தவறு என்று ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு வரி ஒளிந்திருக்கும். அப்படியானால் 500-இல் 10 படிவத்துக்குமேல் பிழை வரக்கூடாது. தருகிற படமோ மங்கல். பூஜ்யம் எது, ஆங்கில 'ஓ' எது என்றே தெரியாது. பத்து விரலும் ஓடுகிறவரும் இதில் தேற மாட்டார்.

ஆறாம் நாள் ஒரு 'வக்கீல்' பேசுவார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 9,000 கட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு போலீஸ் வரும் என்பார். ஸ்டேஷன் படி ஏற முடியாதவர் பயந்து கட்டிவிடுவார் என்ற கணக்கு அது. கட்டாதீர்கள். தனியார் வேலை ஒப்பந்தத்தை முடிக்காமல் போனது சிவில் விவகாரம், அதற்குக் கைது கிடையாது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் என்றால் அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்ய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இதைவிட மோசமானது, 'வேலைக்கான ஆப்' என்று அவர்கள் அனுப்பும் ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பை நிறுவும் ஃபைல். அது ஆண்ட்ராய்டில் 'அக்ஸசிபிலிட்டி' அனுமதி, அதாவது திரையைப் படித்து போனை இயக்கும் உரிமை கேட்கும். வாய்ஸ் அக்ஸஸ் (குரலால்), ஸ்விட்ச் அக்ஸஸ் (ஸ்விட்சால்) வைத்து போனை ஓட்டும் நமக்கு அந்த அனுமதி பழகிப்போனது, யோசிக்காமல் கொடுத்துவிடுவோம். கொடுத்தால் திரையில் வரும் ஓடிபியை அந்த ஆப் படிக்கும், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து இறக்கிய ஆப்களுக்கு இதை போனே தடுக்கிறது. ஆப் இன்ஃபோவில் மூன்று புள்ளியைத் தொட்டு 'அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்' கொடுங்கள் என்று ஒருவர் போனில் சொல்லிக்கொடுத்தால், உடனே இணைப்பைத் துண்டியுங்கள். சம்பளக் கணக்குக்கு என்று ஏடிஎம் கார்டு, சிம் கேட்டாலும் அப்படியே. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் விசாரணை உங்களிடம்தான் தொடங்கும். சம்பளம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் போன நேரம், தொகை, யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் படுத்துக்கொண்டே புகார் பதியலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், ஆதாரம் அதுதான். ஆதார் நகல் கொடுத்திருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள்.

மத்திய அரசின் என்சிஎஸ் வேலைவாய்ப்புத் தளம், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளம், சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம்: மூன்றிலும் பதிவு இலவசம். யாராவது ஜிஎஸ்டி எண்ணைக் காட்டி நம்பச் சொன்னால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33-இல் தொடங்கும். கோயம்புத்தூர் முகவரி போட்டுவிட்டு வேறு எண்ணில் தொடங்கினால், அது யாருடைய பதிவு என்று கேளுங்கள்.