ஃபாக்ஸா, வெர்ஸ்டெகனா? இரு தரப்புத் தியாகிகள் நூல்கள்

16ஆம் நூற்றாண்டு மதப் பிரச்சாரத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் தங்கள் மதப் பிரிவுக்காக உயிர்விட்டவர்களைப் பற்றி ஃபாக்ஸும் வெர்ஸ்டெகனும் எழுதிய இரு நூல்களில் எதை முதலில் எடுப்பது என்று தயங்குகிறார்கள்.

அளவு
ஜான் ஃபாக்ஸ் (புராட்டஸ்டன்ட், லண்டன், 1563): ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். பொறுமை வேண்டும்.
ரிச்சர்ட் வெர்ஸ்டெகன் (கத்தோலிக்கர், ஆன்ட்வெர்ப், 1587): மெல்லிய நூல். ஒரே மாலையில் புரட்டிவிடலாம்.

மொழி
ஃபாக்ஸ்: ஆங்கிலம், உள்ளூர் மக்களுக்காக.
வெர்ஸ்டெகன்: லத்தீன், ஐரோப்பா முழுவதற்கும். மறு ஆண்டே பிரெஞ்சில் வந்தது.

படங்கள்
ஃபாக்ஸில் மரச்செதுக்குப் படங்கள் கதைக்குத் துணை. வெர்ஸ்டெகனில் செப்புத்தகட்டுப் படங்களே கதை. கத்தோலிக்கரான ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலை வெட்டப்படுவதும் அதில் உண்டு. நூல் வந்த அதே ஆண்டில் நடந்த சம்பவம் அது.

நம்பகம்
இதில்தான் நிதானம் வேண்டும். இங்கிலாந்தின் கத்தோலிக்க ராணி முதலாம் மேரியின் (இவர் வேறொரு மேரி) ஆட்சியில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்ட்கள் எரிக்கப்பட்டார்கள். ஃபாக்ஸ் விசாரணைப் பதிவுகளையும் கடிதங்களையும் திரட்டியதால் அவரிடம் ஆதாரம் அதிகம். ஆனால் தன் தரப்பின் சாவுகளைத்தான் அவர் தியாகமாக எண்ணினார். வெர்ஸ்டெகனும் அப்படியே: பிரான்சில் ஹியூகனாட்டுகள் (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்கள்) செய்த கொடுமைகள் உண்டு, ஹியூகனாட்டுகள் கொல்லப்பட்ட 1572 பாரிஸ் படுகொலைக்கு இடமில்லை. இந்த மௌனம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

தாக்கம்
ஃபாக்ஸ்: 1571இல் பேராலயங்களில் வைக்க உத்தரவானது, தலைமுறைகளுக்குக் கத்தோலிக்க வெறுப்பை ஊட்டியது.
வெர்ஸ்டெகன்: இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் ராணி எலிசபெத் மீது கத்தோலிக்க நாடுகளின் கோபத்தைத் தூண்டியது.

சரி, எதை எடுப்பது? ஆய்வுக் கட்டுரைக்கு ஃபாக்ஸ். படம் எப்படி வெறுப்பை மூட்டுகிறது என்று அறிய வெர்ஸ்டெகன். வகுப்பில் கற்பிப்பவர் என்றால் ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள்.