வீட்டு வீடியோ எடிட்டிங் வகுப்பு என்று சொல்லி ரூ.7,499 பறித்துக்கொண்டார்கள் – எச்சரிக்கை

ரூ.7,499 கட்டினேன். அதற்கு எனக்குக் கிடைத்தது விண்டோஸ் மூவி மேக்கர் என்ற பழைய வீடியோ எடிட்டிங் மென்பொருளின் போலிப் பிரதி ஒன்றும், யாரோ எப்போதோ பதிவுசெய்த சில பாட வீடியோக்களும். மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இருந்தவரை இலவசமாகத்தான் கொடுத்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதியோடு அதன் விநியோகத்தையே நிறுத்திவிட்டது. செத்துப்போன இலவச மென்பொருளை எனக்கு ரூ.7,499க்கு விற்றிருக்கிறார்கள். கை நடுங்குகிறது, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் இணையத்தில் குறுகிய கால வகுப்பு நடத்துவதாகச் சொல்லிக்கொள்பவர்கள். 'கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் வீட்டு விசேஷ வீடியோவைத் தாங்களே எடிட் செய்யலாம்' என்று தமிழில் விளம்பரம் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். பெயரை நான் இங்கே போடவில்லை. பெயரை ஒரே நாளில் மாற்றிக்கொண்டு வருவார்கள், முறை மாறாது. அந்த முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்தோம். தனியாக வீடியோகிராபர் வைக்கவில்லை. சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கைப்பேசியில் எடுத்தார்கள். சிலர் குறுக்காக, சிலர் நெடுக்காக. எல்லாவற்றையும் வாங்கி ஒன்றாகக் கோத்து, அரை மணி நேரத்துக்குள் அடங்குகிற ஒரு வீடியோவாக்கி அப்பாவிடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் அந்த விளம்பரத்தில் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தேன்.

சில நிமிடங்களிலேயே ஒரு பெண் பேசினார். "அண்ணா, பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்களிடம் இருக்கிற வீடியோவில் உங்களுக்குப் பிடித்த ஒரு துண்டை மட்டும் அனுப்புங்கள். எங்கள் ஆசிரியர் என்ன செய்து காட்டுகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றார். பணம் கேட்காமல் வேலையைக் காட்டுகிறேன் என்பவரை யார் சந்தேகப்படுவார்கள்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கலச நீர் ஊற்றுகிற துண்டை அனுப்பினேன். அன்று மாலையே திருப்பி அனுப்பினார்கள். கூட்டத்தின் இரைச்சலைக் குறைத்து, நீர் விழுகிற நொடியை மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் நாகஸ்வரம் வைத்து, அப்பா பெயரை மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்பா அதை மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் மீண்டும் அழைத்தபோது, "அப்பா பார்த்தார்களா அண்ணா? என்ன சொன்னார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். கட்டணத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். நேரடி வகுப்பு, வாழ்நாள் உரிமத்தோடு மென்பொருள், சந்தேகம் கேட்கத் தனி ஆசிரியர், எல்லாம் சேர்த்து ரூ.7,499 என்றார். பணம் போகும் கணக்கில் ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டேன். "அவர் எங்கள் கணக்காளர் அண்ணா, ரசீது உடனே வரும்" என்றார். இன்று வரை ரசீது வரவில்லை.

நேரடி வகுப்பு என்று எதுவும் நடக்கவில்லை. பழைய பதிவுகளின் இணைப்புகள் மட்டும் வந்தன. அந்தப் பாடங்களில் தெரிந்த திரையே விண்டோஸ் 7 காலத்துத் திரை. மாமா மகன் ஐபோனில் எடுத்த துண்டுகளை உள்ளே போட்டால் சத்தம் மட்டும் வந்தது, படம் கருப்பாக நின்றது. கேட்டதற்கு "உங்கள் கம்ப்யூட்டர் பழையது சார், புதிதாக வாங்குங்கள்" என்று பதில். உண்மைக் காரணம் வேறு. 2017க்குப் பிறகு வந்த ஐபோன்கள் பெரும்பாலும் ஹெச்.இ.வி.சி. என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கின்றன. இந்தப் பழைய மென்பொருளுக்கு அது புரியாது. வீடியோ எடிட்டிங் சொல்லித்தருகிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியுமா?

ஆனாலும் விடாமல் உட்கார்ந்து, மற்ற துண்டுகளை வெட்டி ஒட்டி முடித்தேன். சேமிக்கப் போனால் ஒரு பெட்டி திறந்தது: முழு வீடியோவையும் சேமிக்க இன்னும் ரூ.2,999 கட்டி 'பிரீமியம் கீ' வாங்க வேண்டுமாம்! வேலையெல்லாம் செய்யவிட்டு, கடைசியில் கழுத்தைப் பிடிக்கிற இந்தத் தந்திரம் புதிதே இல்லை. போலி மூவி மேக்கர் இப்படிப் பணம் கேட்கிறது என்று இசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2017 நவம்பரிலேயே எச்சரித்திருக்கிறது.

அதன் பிறகு அலைக்கழிப்பு. ஆசிரியர் ஊரில் இல்லை என்றார்கள். சர்வர் பராமரிப்பு நடக்கிறது என்றார்கள். உங்கள் புகார் மேல்மட்டக் குழுவுக்குப் போயிருக்கிறது, ஏழு வேலை நாட்கள் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். பிறகு அழைத்தால் ஓர் ஆண் குரல், "டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது, நிபந்தனைகளில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்" என்றது. எந்த நிபந்தனை, எங்கே என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அப்பாவைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்த அந்தப் பெண்ணின் எண்ணுக்கு இப்போது என் அழைப்பே போவதில்லை.

என் அக்கா மகன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஷாட்கட் என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போட்டான். முற்றிலும் இலவசம். மாமா மகனின் ஐபோன் துண்டுகள் அதே பழைய கம்ப்யூட்டரில் திறந்தன. வீடியோ ஓடும் இடத்தைக் காட்டுகிற செங்குத்துக் கோட்டை வெட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி 'எஸ்' விசையைத் தட்டினால் துண்டாகிறது. வேண்டாததை நீக்கி, இரண்டு துண்டுகளின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று இழுத்துவிட்டால் ஒன்று கரைந்து மற்றொன்று வருகிறது. நாம் செய்த எடிட்டிங் வேலையைச் சேமிக்கிற புராஜெக்ட் கோப்பில் வீடியோ இருக்காது, வீடியோ எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும், ஆகவே மூலத் துண்டுகளை இடம் மாற்றக் கூடாது என்பதையும் அவன்தான் சொன்னான். ரூ.7,499 வாங்கியவர்களின் பாடத்தில் இந்த அடிப்படை எங்குமே இல்லை. ஒரே மாலையில் அவன் சொல்லிக்கொடுத்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பணத்தைவிட என்னைக் கொதிக்கவைப்பது வேறொன்று. அவர்களுடைய புதிய விளம்பரத்தில் என் அப்பா இருக்கிறார். கலச நீர் ஊற்றுகிற அதே துண்டு, 'எங்கள் மாணவர் எடிட் செய்தது' என்ற வரியோடு! ஈர வேட்டியில் மேலாடை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எண்பது வயது மனிதரை யாரைக் கேட்டு ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள்?

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவை மட்டும். மாதிரி செய்துதருகிறோம் என்று கேட்டால் குடும்ப வீடியோவை அனுப்பாதீர்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். மூவி மேக்கர் என்ற பெயரில் இன்று யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். விண்டோஸ் 11 இருந்தால் கிளிப்சாம்ப் என்ற எடிட்டிங் மென்பொருள் அதிலேயே இருக்கிறது, ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி என்ற மென்பொருள் இலவசம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம்.

சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிவு செய்துவிட்டேன், ரூ.7,499க்கும் சேர்த்து, அப்பாவின் வீடியோவுக்கும் சேர்த்து. சதாபிஷேக விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து யாருக்கும் பகிராதீர்கள். அதன் கீழேயே புகார் செய்யும் வசதி இருக்கும், அதை அழுத்துங்கள். இன்று காலையும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.